மூன்று மழைக்காலம், 41,000 கிலோமீட்டர்: கோத்தகிரியில் ஒரு மின்சாரக் கார்

வாங்கிய முதல் வாரம் நான் செய்த தவறிலிருந்து தொடங்குகிறேன். மறுநாள் கோயம்புத்தூர் போக வேண்டும். புது வண்டி, வழியில் சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்ற பயம். இரவு முழுக்க பிளக்கில் செருகி வைத்து, திரையில் 100 என்று பார்த்த பிறகுதான் கிளம்பினேன். இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இந்த வண்டி தானாகவே வேகம் குறைய வேண்டும். மோட்டார் அப்போது டைனமோவாக மாறிப் பேட்டரிக்கு மின்சாரம் அனுப்பும். அன்று அது நடக்கவில்லை. நிரம்பிய குடத்தில் எங்கே ஊற்றுவது? கியரைக் குறைத்து இறங்கலாம் என்றால் இதில் கியரே இல்லை. பிரேக்கை மிதித்து மிதித்து, குஞ்சப்பனை சோதனைச் சாவடிக்கு வருவதற்குள் சக்கரத்திலிருந்து கருகல் வாடை. சமவெளிக்காரர்களின் காரில் அந்த வாடை வந்தால் உள்ளுக்குள் சிரிக்கும் ஆள் நான்.

மலை மேல் குடியிருப்பவன் முழுதாகச் சார்ஜ் செய்யக் கூடாது. நூற்றுக்கு 85 போதும். விற்றவர்கள் இதைச் சொல்லவில்லை, கூடவே கொடுத்த புத்தகத்திலும் இது ஒரு மூலையில்தான் இருக்கிறது. காரின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் எழுதப் போவதில்லை. நான் எழுதுவது மலையில் இந்த வகை வண்டி எப்படி ஓடுகிறது என்பதைப் பற்றி.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம்; கோத்தகிரி 1,800 மீட்டரை ஒட்டி. இடையில் 33 கிலோமீட்டர் சாலை. ஆட்களோடு சேர்த்து ஒன்றரை டன் எடையை 1,500 மீட்டர் தூக்குவதற்கு மட்டும் சுமார் 6 யூனிட் மின்சாரம் வேண்டும். உருளும் செலவும் மோட்டாரில் வீணாவதும் சேர்ந்து, என் வண்டி ஏறி முடிக்க 11 யூனிட் எடுத்துக்கொள்கிறது. பேட்டரி 40 யூனிட். ஆக, ஏறினால் நூற்றுக்கு 27, 28 போகிறது. முதல் தடவை பார்க்கும்போது நெஞ்சு படபடக்கும். ஆனால் இறங்கும்போது 80 என்று கிளம்பினால் மேட்டுப்பாளையம் போய்ச் சேர்கையில் 84, 85 என்று நிற்கும். 33 கிலோமீட்டர் ஓடியும் கணக்கு கூடியிருக்கிறது! பெட்ரோல் வண்டி இறக்கத்தில் பெட்ரோல் டாங்க்கை நிரப்பியதாக எந்த ஊரிலும் சரித்திரம் இல்லை. கோயம்புத்தூர் போய்த் திரும்பினால், ஏசி போட்டும், வீட்டுக்கு வரும்போது 30 மீதம் இருக்கிறது. மூன்று வருடத்தில் வெளியே சார்ஜ் போட்டது இருபது தடவைக்குள்தான். பிரேக் பேட் இன்னும் கம்பெனியில் மாட்டியதே. டயர்தான் சீக்கிரம் தேய்கிறது, வண்டியின் கனம் அப்படி. 31,000 கிலோமீட்டரில் முன் இரண்டையும் மாற்றினேன்.

சத்தமில்லாமல் போவதைப் பற்றி எல்லோரும் பரவசமாக எழுதுகிறார்கள். இங்கே அது இரண்டு பக்கமும் கூரான கத்தி. ஆடி மாதத்துக்கு முன்னும் பின்னும் பலாப்பழம் பழுக்கும் காலத்தில் குஞ்சப்பனைச் சுற்றில் யானைகள் சாலைக்கு வரும். டீசல் ஜீப் வந்தால் இரண்டு வளைவுக்கு முன்பே அவற்றுக்குத் தெரிந்துவிடும். ஒரு மாலை மூடுபனியில் நான் வளைவு திரும்பியபோது ஒரு பெண் யானையும் குட்டியும் சாலையோரம் நின்றிருந்தன. என்னை அவை எதிர்பார்க்கவில்லை, நானும் அவற்றை எதிர்பார்க்கவில்லை. தாய் காதை விரித்தது. நான் விளக்கை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இன்ஜின் உறுமாததால்தான் அது சமாதானமாகிப் போனது என்று என் மனைவி சொல்கிறாள். இன்ஜின் உறுமியிருந்தால் அது முன்பே விலகியிருக்கும் என்பது என் கட்சி. தீர்ப்பு இன்னும் வரவில்லை. தேயிலைத் தோட்டத்துச் சாலைகளில் காட்டெருமை விஷயமும் இதேதான். வளைவில் நடைவேகத்தில் போகப் பழகிவிட்டேன்.

இனி பணம். என் பழைய பெட்ரோல் கார் மலையில் லிட்டருக்கு 12 கொடுத்தது. கிலோமீட்டருக்கு எட்டரை ரூபாய். இந்த வண்டி யூனிட்டுக்கு ஆறரை கிலோமீட்டர். யூனிட் எட்டு ரூபாய் என்று தாராளமாகப் போட்டாலும் ஒன்றேகால் ரூபாய்தான் ஆகிறது. 41,000 கிலோமீட்டரில் மிச்சம் கிட்டத்தட்ட மூன்று லட்சம். ஆனால் வாங்கும்போது அதே அளவு பெட்ரோல் காரைவிட நாலரை லட்சம் கூடுதலாகக் கொடுத்தேன். இன்னும் ஒன்றரை லட்சம் பாக்கி. "ஒரே வருடத்தில் போட்ட பணம் வந்துவிட்டது" என்று யாராவது சொன்னால், அவர் டாக்சி ஓட்டுபவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் கணக்கில் பலவீனமானவராக இருக்க வேண்டும்.

வீட்டில் புதிதாக ஒரு சண்டையும் முளைத்தது. இரண்டு மாதத்துக்கு கார் மட்டும் 350 யூனிட் குடிக்கிறது. கோத்தகிரிக் குளிருக்கு கீசர் இல்லாமல் முடியாது. இரண்டும் சேர்ந்தால் மின்கட்டணம் 500 யூனிட்டைத் தாண்டுகிறது. தாண்டினால் கீழ்ப்படிகளின் சலுகையும் கைவிட்டுப் போகிறது, மேற்படிகளின் விலையும் ஏறுகிறது. காருக்கா கீசருக்கா என்ற கேள்வி எங்கள் வீட்டில் மார்கழிதோறும் எழும். அம்மா வெந்நீர் அடுப்பை மறுபடி பற்றவைக்கச் சொன்னார். பெட்ரோல் புகையை ஒழித்த வீட்டில் விறகுப் புகை வேண்டாம் என்று கெஞ்சி நிறுத்தியிருக்கிறேன்.

மழைக்காலம்தான் உண்மையான பரீட்சை. தென்மேற்குப் பருவமழை பலத்தால் மரம் விழும், கம்பி அறுந்துவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை இங்கே யாரும் மறக்கவில்லை. பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் ஓடத் தொடங்கிக் கோவை ஆலைகளுக்கு வெளிச்சம் கொடுத்தது. பிறகு கனடாவின் உதவியோடு குந்தாவும் வந்தது. மின்சாரம் பிறந்த மலையில் உட்கார்ந்துகொண்டு மெழுகுவத்தி தேடுவது எங்களுக்குப் பழக்கம். போன வருடம் ஜூலையில் இரண்டு இரவும் ஒரு பகலும் மின்சாரம் இல்லை. பேட்டரியில் 46 இருந்தது. வெளியே எங்கும் போகாமல், அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போக வேண்டுமே என்று அதைக் கருமியின் காசு போலக் காத்தேன். அப்போதிருந்து மழை அறிவிப்பு வந்தால் மட்டும் 85 என்ற விதியை மீறி 95 வரை ஏற்றிவிடுகிறேன்.

பழுது ஒன்றுதான், ஆனால் எரிச்சலானது. மூன்றாம் வருடம் ஒரு காலை வண்டி கண்ணே திறக்கவில்லை. பெரிய பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. கதவு, திரை முதலியவற்றுக்கு மின்சாரம் கொடுக்கும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி செத்திருந்தது. எல்லாக் காரிலும் இருக்கும் அதே சின்னப் பெட்டி. உள்ளூர் மெக்கானிக் தொட மறுத்தார். அவர் மீது தப்பில்லை, வாரண்டி போய்விடும் என்று அவரை யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். முன் சக்கரம் தரையில் உருளக் கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. சமவெளியிலிருந்து தட்டு லாரி வர இரண்டு நாள் ஆயிற்று. பேட்டரி விலையைவிட லாரி வாடகை அதிகம். மலையில் இந்தக் கார் வாங்குபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, மேலே இதைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஆள் யார் என்பது. எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதை அப்புறம் கேட்கலாம்.

இந்தக் காரை வைத்திருப்பதால் என்னை எல்லோரும் ஒரு கட்சிக்காரனாக நினைத்துக்கொண்டு, "பெட்ரோல் காரை அரசு தடை செய்ய வேண்டுமா?" என்று கேட்கிறார்கள். ஓட்டுவதற்கு இது நல்ல கார். ஆனால் கேள்வி வேறு.

எங்கள் தெருவில் பதினோரு வீடுகள். அவற்றில் ஏழுக்குச் சாலையிலிருந்து படிக்கட்டு ஏறித்தான் போக வேண்டும். கார் கீழே ரோட்டோரம் நிற்கும். நாற்பது படிக்குக் கீழே நிற்கும் வண்டிக்கு யார் வீட்டிலிருந்து ஒயர் இழுப்பது? என் வீட்டுக்கே 15 ஆம்பியர் பிளக் போட்டபோது எர்த் சரியில்லை என்று சார்ஜர் மூன்று நாள் முரண்டு பிடித்தது. குழி தோண்டிப் புது எர்த் போட்ட பிறகுதான் இறங்கிவந்தது. எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தடை நீலகிரிக்குப் புதிதல்ல. பிளாஸ்டிக் பைக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை பார்த்த ஊர் இது. பாட்டிலைத் தடுத்த கையோடு சாலையோரங்களில் தண்ணீர் ஏடிஎம் வைத்தார்கள். தாகத்துக்கு மாற்று இருந்ததால்தான் அந்தத் தடைக்கு ஓரளவு மரியாதை கிடைத்தது. 2022 மே மாதம் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் இங்கேதான் தொடங்கியது. பாட்டிலைத் தடை செய்யவில்லை. தோட்டத்தில் உடைந்து கிடந்து தேயிலை பறிப்பவர்களின் காலைக் கிழித்த கண்ணாடி, பத்து ரூபாய்க்காகப் பொறுக்கி எடுக்கப்பட்டது. அபராதத்துக்கு அஞ்சாத குடிமகன் பத்து ரூபாய்க்கு வளைந்தான்.

நார்வே செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். அதுவும் மலைநாடு, அங்கும் அருவியிலிருந்துதான் மின்சாரம். பெட்ரோல் காருக்குத் தடை போடாமல் அதன் மேல் வரியைக் குவித்து, மின்சாரக் காருக்குப் பல ஆண்டுகள் விலக்கு கொடுத்தார்கள். 2024இல் அங்கே விற்ற புதிய கார்களில் நூற்றுக்கு 89 மின்சாரக் கார். தேதி குறித்துச் சட்டம் போட்ட ஐரோப்பிய ஒன்றியம், 2035 முதல் புதிய கார் புகை விடக் கூடாது என்று 2023இல் உறுதி செய்தது; 2025 டிசம்பரில் அதன் ஆணையமே அதைத் தளர்த்த முன்மொழிந்தது. டெல்லியில் 2025 ஜூலை 1 முதல் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிக்கும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் பங்கில் எரிபொருள் இல்லை என்றார்கள். சில நாள்களிலேயே நிறுத்தி வைத்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைப் பிடுங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. புதிய பெட்ரோல் கார் விற்பனைக்கு ஒரு தேதி குறித்தால் ஆதரிப்பேன், பத்துப் பதினைந்து வருடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், ரோட்டோரக் கம்பத்தில் சார்ஜ் போட வழி செய்த பிறகு.

ஆனால் அந்தத் தேதி வந்தாலும் மே மாதக் கோத்தகிரிக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை என்பதையும் இந்தக் காரில் உட்கார்ந்தே கற்றேன். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் எண்ணிக்கையையும் கட்டியது. உள்ளூர்க்காரனான எனக்கு பாஸ் வேண்டாம். அப்படியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று கிலோமீட்டருக்கு ஒன்றே கால் மணி நேரம். முன்னால் நின்றதும் ஒரு மின்சாரக் கார், பின்னால் நின்றது டீசல். மூவரும் ஒரே அளவு இடத்தை அடைத்துக்கொண்டு நின்றோம். என் வண்டியில் புகை இல்லை, அவ்வளவுதான். மேட்டுப்பாளையத்தில் காரை நிறுத்திவிட்டு ஏறிவர நல்ல மின்சார பஸ் பத்து நிமிடத்துக்கு ஒன்று இருந்தால், அரசு எதைத் தடை செய்யலாம் என்பதை அப்புறம் பேசலாம்.

பக்கத்து வீட்டுத் தம்பி டீசல் பிக்கப் வைத்து நெடுகுளாப் பக்கத்துக் கேரட் மூட்டைகளை மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குகிறான். தடை என்றால் முதலில் கோபப்படுபவன் அவன். அவனிடம் ஒரு நாள் சுவிட்சர்லாந்துச் சுரங்க லாரி ஒன்றைப் பற்றிச் சொன்னேன். மலை மேலிருந்து சுண்ணாம்புக் கல்லை ஏற்றிக்கொண்டு இறங்கி, அந்த இறக்கத்தில் சேர்த்த மின்சாரத்திலேயே வெறும் வண்டியாக மேலே ஏறிவிடுகிறது. உன் வேலையும் அதேதானே, பாரம் இறங்குகிறது, வண்டி காலியாக ஏறுகிறது என்றேன். ஒரு டன் கேரட் 1,500 மீட்டர் இறங்கினால் 4 யூனிட் சக்தி. பாதிக்கு மேல் பேட்டரிக்குப் போகும் என்று தாளில் போட்டும் காட்டினேன்.

தாளை வாங்கி வெகு நேரம் பார்த்தான். "அண்ணா, நான் எப்போது காலியாக ஏறினேன்? திரும்பும்போது உர மூட்டை யார் கொண்டுவருகிறார்கள்?" என்றான். பேனாவை எடுத்து, உரம் இருபது மூட்டை என்று கீழே எழுதிக் கணக்கை மறுபடி போடச் சொல்லியிருக்கிறான்.