கப்பல் தடம் காட்டும் செயலி: கட்டணம் கட்டலாமா?

சென்னை தம்புச் செட்டித் தெருவில் சரக்கு முகவர் தொழில் எனக்கு. வளைகுடாவிலிருந்து எண்ணெய் இறக்கும் வாடிக்கையாளர்கள் "கப்பல் எங்கே?" என்று உயிரை எடுப்பதால் இந்தச் செயலிக்குச் சந்தா கட்டினேன்.

இலவசப் பதிப்பு கரையோரத்துக்குத்தான் சரி. நடுக்கடலில் கப்பலைக் காண, செயற்கைக்கோள் தரவுக்குத் தனிக் காசு. செங்கடலில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்கிய 2024இல் அந்தக் காசு வீண்போகவில்லை. 'எங்களைத் தாக்காதீர்கள்' என்று உணர்த்த, சேருமிடம் எழுத வேண்டிய கட்டத்தில் 'மாலுமிகள் அனைவரும் சீனர்', 'ஆயுதக் காவல் உண்டு' என்று சில கப்பல்கள் எழுதியிருந்தன. கப்பல் போக்குவரத்தில் இப்படியும் ஒரு காப்பீடு! ஐரோப்பா செல்லும் டாங்கர்கள் செங்கடலைத் தவிர்த்து, ஆப்பிரிக்காவின் தென்முனைப் பக்கமுள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றியதைப் பார்த்தாலே கப்பல் வாடகை ஏறிய காரணம் விளங்கிவிட்டது.

2025 ஜூனில்தான் செயலி தடுமாறியது. இஸ்ரேல்–ஈரான் போரில் ஜிபிஎஸ் குழப்பப்பட, வளைகுடாவின் வாயிலான ஹோர்முஸ் நீரிணைப் பக்கம் போன கப்பல்கள் செயலியின் வரைபடத்தில் தரைமேல் நின்றன. குற்றம் செயலியுடையது அல்ல. ஆனால் ஓர் எச்சரிக்கைக் குறியாவது போட்டிருக்கலாம்.

எண்ணெய் விலையை இதை வைத்துக் கணிக்க நினைப்பவர்கள் வாங்க வேண்டாம். உலகப் பயன்பாட்டில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் போய்க்கொண்டிருந்த அந்த நீரிணை 2025 ஜூன் போரில் மூடப்படவே இல்லை. ஆனாலும் தாக்குதல் தொடங்கிய ஜூன் 13 அன்றே, உலகச் சந்தையில் அளவுகோலாகக் கொள்ளப்படும் பிரெண்ட் கச்சா எண்ணெயின் விலை சுமார் 7 சதவீதம் எகிறியது. போர்நிறுத்தம் வந்ததும் பீப்பாய்க்கு 70 டாலருக்குக் கீழே இறங்கியது. சந்தை பயத்துக்கு விலை போடுகிறது, செயலி கப்பலைத்தான் காட்டும்.

வாடிக்கையாளர் சேவை படுமந்தம். ஐந்துக்கு மூன்றரை. மாதச் சந்தாவே போதும்.