சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, அப்புறம்?

டிசம்பர் லீவுக்குத் திருநெல்வேலி போயிருந்தபோது எனக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வந்தன. வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிற பலருக்கு இது நடக்கும். ஆனால் நான் பல வருடங்களாக மனச்சோர்வுக்கு வென்லாஃபாக்சின் சாப்பிடுகிறவள். வயிறு கெட்டால் அந்த மாத்திரை என்ன ஆகிறது, அந்த நேரத்தில் நம் ஊரில் யாரிடம் போனால் சரியான பதில் கிடைக்கிறது என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பர்மிங்காமிலிருந்து கிளம்பும் முன் எவ்வளவோ தேடினேன். தடுப்பூசி பற்றியும் கொசுவத்தி பற்றியும் கிடைத்தது, இது பற்றித் தமிழில் எதுவும் கண்ணில் படவில்லை.

முதல் இரவு முழுக்க வாந்தி. காலையில் வழக்கமான நேரத்துக்குக் கேப்ஸ்யூலை விழுங்கினேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் வெளியே வந்தது. வாஷ்பேசினில் பார்த்தால் ஜவ்வரிசி மாதிரி சின்னச் சின்ன வெள்ளை உருண்டைகள், கரையாமல் அப்படியே கிடந்தன. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ரத்தத்தில் சேர வேண்டிய மருந்து அது. வாந்தி நின்ற பிறகும் வயிற்றுப்போக்கு விடவில்லை. விழுங்கிய மருந்து குடலில் தங்க நேரமே கிடைக்கவில்லை.

மறுநாளே தொடங்கிவிட்டது. கண்ணை இடமிருந்து வலமாகத் திருப்பினால் தலைக்குள் 'விசுக்'கென்று ஒரு கரண்ட் அடிக்கும். கூடவே காதுக்குள் ஒரு சத்தம். ஒரு நொடிதான், ஆனால் கால் தடுமாறும். காரணமில்லாமல் அழுகை, தூங்கினால் அசல் போலவே கனவுகள், உடம்பெல்லாம் வேர்வை. இந்த மாத்திரையை ஒருநாள் தவறவிட்டவர்களுக்கு அந்தக் கரண்ட் நன்றாகத் தெரியும். வென்லாஃபாக்சின் ரத்தத்தில் கலந்தபின் பாதியாகக் குறைய 5 மணி நேரம்தான் ஆகும். கல்லீரல் அதிலிருந்து உண்டாக்குகிற, அதே வேலையைச் செய்கிற பொருளுக்கு 11 மணி நேரம். அதனால் ஒருநாள் மருந்து உடம்பில் சேராவிட்டால் உடம்பு உடனே சொல்லிவிடும். மனச்சோர்வுக்கே தருகிற பராக்ஸெட்டினும் இந்த விஷயத்தில் பேர் போனது. அதே வகையான ஃபுளுவாக்ஸெட்டின் வாரக்கணக்கில் உடம்பில் தங்குவதால் அதைச் சாப்பிடுபவர்களுக்கு இரண்டு நாள் வாந்தியால் பெரிதாகத் தெரியாது.

குழப்பம் எங்கே என்றால், மாத்திரை நின்றால் வருவதும் காய்ச்சலில் வருவதும் முக்கால்வாசி ஒன்றுதான். குமட்டல், தலைசுற்றல், வேர்வை, உடம்புவலி, தூக்கமின்மை என எல்லாம் இரண்டிலும் உண்டு. பழைய நோய் திரும்புகிறதோ என்ற பயம் வேறு. அந்தப் பயம்தான் காய்ச்சலைவிட என்னை வாட்டியது.

"ஏட்டி, கண்ணுபட்டிருக்கும், சுத்திப் போடுதேன்" என்று அம்மா மிளகாயும் உப்பும் எடுத்து வந்தாள். சுற்றிப் போட்டு முடித்த கையோடு அவளே என்னை ஆட்டோவில் ஏற்றித் தனியார் கிளினிக் ஒன்றுக்கும் கூட்டிப் போனாள்.

அங்கே நடந்ததைச் சொல்ல வேண்டும். டாக்டர் அறைக்குள் எனக்கு அடுத்த இருவர் ஏற்கெனவே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள். "சுகர் இருக்கா? பிரஷர் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றதும் பேனா ஓடத் தொடங்கியது. வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்ற கேள்வி வரவில்லை. நானாகச் சொன்னேன், பெயரும் அளவும் சேர்த்து. ஸ்டூலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அது நரம்பு மாத்திரைதானம்மா, காய்ச்சல் விடுற வரைக்கும் நிறுத்தி வைங்க" என்றார் டாக்டர். தலைக்குள் கரண்ட் அடிப்பதைச் சொன்னேன். "வீக்னஸ்" என்றார்.

அடுத்த அறையில் ஊசி. என்ன ஊசி என்று கேட்டதற்கு "காய்ச்சல் ஊசிதான்" என்பதே பதில். பெயர் தெரியாமல் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மாத்திரைகள் சின்னக் காகிதக் கவர்களில் உதிரியாக வந்தன. கவர் மேல் 1–0–1 என்று பேனாவால் எழுதியிருந்தது, மருந்தின் பெயர் இல்லை. என்னைப் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகள் வென்லாஃபாக்சினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவுக்கு வாய்ப்பு கூடும். டெங்குவா இல்லையா என்று தெரியாத மழைக்காலக் காய்ச்சலில் அந்த மருந்துகளை யாருக்குமே தரக் கூடாது, பாராசிட்டமால் போதும். டிரமடால் என்ற வலி மருந்தோ லினசோலிட் என்ற ஆன்டிபயாடிக்கோ சேர்ந்தால், மூளையில் செய்தி கடத்துகிற செரடோனின் என்ற பொருள் உடம்பில் அளவுக்கு மீறி ஏறலாம். நடுக்கம், தசைத் துடிப்பு, கடும் காய்ச்சல், குழப்பம் என்று வந்தால் அது அவசரச் சிகிச்சைக்குரிய நிலை. இதெல்லாம் கவருக்குள் இருக்கிறதா என்று யாரால் பார்க்க முடியும்?

மாத்திரையை நான் நிறுத்தவில்லை. அன்று சாயங்காலம் 14416-ஐ அழைத்தேன். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்கிறார்கள். என் பிரிட்டிஷ் சிம்மில் போகவில்லை, அம்மாவின் போனில் உடனே போனது. தமிழில் பேசிய பெண் நிதானமாகக் கேட்டார். முதலில் நான் பாதுகாப்பாக இருக்கிறேனா என்று கேட்டார், பிறகு மாத்திரையின் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார். நிறுத்த வேண்டாம், நாளைக் காலையில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள் என்றார். காசு எதுவும் கிடையாது.

மறுநாள் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி. பாளையங்கோட்டையில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். ஓ.பி. சீட்டு வரிசை நீளம், வெயில் வேறு. ஆனால் மனநலப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே "தினமும் என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்கக்கா?" என்பதுதான். அம்மா கூட இருக்கலாமா என்றும் என்னிடம் கேட்டார். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியின் விவரத்தை ரகசியமாகக் காக்கச் சொல்கிறது. அந்தச் சட்டத்தை ஒருவர் கடைப்பிடிப்பதை நேரில் பார்த்தது மனதுக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அவர் விளக்கியது இதுதான். கண்ணைத் திருப்பினால் அடிக்கும் கரண்ட், திடீர் அழுகை, கனவு எல்லாம் மாத்திரை சரியாகச் சேராததைக் காட்டுகின்றன. பழைய நோய் ஒரே நாளில் இப்படித் திரும்பாது. ஆனால் எல்லாவற்றையும் மாத்திரை சேராததன் தலையில் போட்டுவிடவும் கூடாது. இந்த வகை மாத்திரைகள் சிலருக்கு ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும். வாந்தியும் பேதியும் போய், வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தால் இன்னும் குறையும். அதிலும் தலைசுற்றலும் குழப்பமும்தான் வரும். அதனால் சோடியம், பொட்டாசியம், டெங்குவுக்கு என்.எஸ்.1 சோதனை, ரத்தத் தட்டணுக்கள் எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். டெங்கு இல்லை, சோடியம் மட்டும் லேசாக இறங்கியிருந்தது. பொது மருத்துவப் பிரிவில் சேலைன் ஏற்றினார்கள். வீட்டுக்குப் போய் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொன்னார்கள், கடையில் ஜூஸ் மாதிரி டப்பாவில் வருவது வேண்டாம் என்று அழுத்திச் சொன்னார்கள். மாத்திரை வழக்கமான நேரத்துக்கு வழக்கமான அளவே. விட்டுப்போனதற்குச் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது. வயிறு அடங்கியதும் கரண்ட் குறைந்து, கொஞ்ச நாளில் நின்றது.

அம்மா வாசலில் அந்த டாக்டரிடம், "இந்த மருந்தாலதான் வயிறு கெட்டுதோன்னு நெனச்சேம்மா" என்றாள். "வயிறு கெட்டதால மருந்து சேரலம்மா" என்றார் அவர். அதன்பிறகு தினமும் காலையில் என் மாத்திரையை நினைவுபடுத்தியது அம்மாதான்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். வாந்தியில் வீணாகப் போனதை ஈடுகட்ட மருந்து வாங்கப் போனேன். பிரிட்டிஷ் சீட்டைக் கடைக்காரர் ஏற்கவில்லை. இந்தியாவில் பதிவுபெற்ற டாக்டர் எழுதித் தந்தால்தான் தர முடியும், அது முறைதான். ஆனால் அதே கடையில் "இதுவும் அதுவும் ஒண்ணுதான்" என்று டெஸ்வென்லாஃபாக்சின் அட்டையை நீட்டினார்கள். பெயர் ஒட்டி வந்தாலும் அது வேறு மருந்து, அளவும் வேறு. பிரிட்டனில் வாங்கிய பெட்டியில், மெதுவாகக் கரையும் வகை என்பதற்கு எக்ஸ்.எல். என்று இருப்பது அங்கே இ.ஆர். அல்லது எக்ஸ்.ஆர். என்று இருக்கும், அது பரவாயில்லை. அரசு மருத்துவமனைச் சீட்டைக் காட்டியதும் சரியான மருந்தே கிடைத்தது.

மனச்சோர்வுக்கு டுலோக்ஸெடின் என்ற மருந்தைச் சாப்பிடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வயிற்றுப்போக்குக்கு ஊரில் எளிதாக எழுதித் தரும் சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக், டுலோக்ஸெடின் உடம்பிலிருந்து வெளியேறுவதைத் தடுத்து அதன் அளவை ஏற்றிவிடும். சீட்டில் சிப்ரோஃபிளாக்சசின் பெயர் இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். சீட்டே தராமல் கவரில் போட்டுத் தந்தால், ஒவ்வொரு கவர் மேலும் மருந்தின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள்.