பெரிய வாளுக்கு வலு: சைலன்சரைத் திறப்பதா, சிலிண்டரைக் குடைவதா?

திருகோணமலையில் பெரிய இயந்திர வாள் வைத்திருப்பவர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: இதன் வலுவை எப்படிக் கூட்டுவது? ஸ்டில் நிறுவனத்தின் எம்.எஸ். 660ஐ எடுத்துக்கொள்வோம். 91.6 சிசி, 5.2 கிலோவாட். சாதாரண மரத்துக்கு இது தாராளம். காய்ந்த பாலை, முதிரை போன்ற வைர மரத்தில், சங்கிலி ஓடும் 36 அங்குலத் தகட்டை முழுதாகப் புதைக்கும்போதுதான் இயந்திரம் முனகத் தொடங்கும். அதற்கு மருந்தாகப் பலரும் சொல்பவை மூன்று: சங்கிலியை ஓட்டும் எட்டுப் பல் சக்கரம், சைலன்சரைத் திறப்பது, சிலிண்டரின் துவாரங்களைக் குடைந்து மாற்றும் போர்ட்டிங்.

எட்டுப் பல் சக்கரத்தை உடனே ஒதுக்கிவிடலாம். ஏழுக்குப் பதில் எட்டு போட்டால் சங்கிலி ஏழில் ஒரு பங்கு வேகமாக ஓடும். இழுவிசை எட்டில் ஒரு பங்கு குறையும். குட்டைத் தகட்டோடு மென்மரம் அறுப்பவருக்கு அது சரி. பாலையில் முனகுகிற வாளுக்கு அதைப் போடுவது, ஏற்றத்தில் திணறும் லொறிக்கு மேல் கியரைப் போடுவது போன்றது.

சைலன்சர் வேறு கதை. சத்தத்தை அடக்குவதற்காகவே தொழிற்சாலை புகை வழியைச் சிறிதாக வைக்கிறது. இன்னொரு துளை திறந்தால் எரிந்த வாயு தடையின்றி வெளியேறும், புதிய கலவை நன்றாக நிறையும். ஒரு துளைப்பானும் அரமும் இருந்தால் பின்னேர வேலை. துளை பிளாஸ்டிக் உறைப் பக்கமோ பெற்றோல் தாங்கிப் பக்கமோ பார்க்கக்கூடாது. பொறி தடுக்கும் கம்பி வலையைக் கழற்றி எறிபவர்களை எனக்குப் புரிவதே இல்லை. கச்சான் வீசும் மாதங்களில் குச்சவெளிப் பக்கத்துக் காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும்.

துளை போட்ட பின்னர்தான் உண்மையான வேலை. காற்று கூடிவிட்டதால் கலவையில் பெற்றோல் குறைந்துவிடும். காபரேட்டரில் முழு வேகத்துக்கான பெற்றோலைக் கூட்டிக் குறைக்கும் ‘எச்’ திருகை இடப்பக்கம் சிறிது சிறிதாகத் திறக்க வேண்டும். சுமையில்லாமல் முழு வேகம் கொடுத்தால் ஓசை சற்றுப் படபடத்துத் தடுமாற வேண்டும். பல் மரத்தில் இறங்கியதும் அந்தத் தடுமாற்றம் மறைந்து சீராக வேண்டும். சுமையில்லாத போதே கீச்சென்று சுத்தமாகக் கத்தினால் பெற்றோல் போதவில்லை என்று பொருள். அப்படியே ஓட்டினால் பிஸ்டனின் புகைப் பக்கம் கீறல் விழும். நண்பகல் வெக்கையில் ட்யூன் செய்த வாளை மார்கழிக் காலையில் மறுபடி கேட்டுப் பார்ப்பது நல்லது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, கலவை மேலும் மெலியும். பாதுகாப்புக்கு என்று பெற்றோலில் கலக்கும் எண்ணெயை அள்ளி ஊற்றுவதும் பெற்றோலின் பங்கைக் குறைக்கும் வேலைதான். 50:1 என்றால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், அவ்வளவே. எம்.எஸ். 661இல் எம்-ட்ரோனிக் வகை வைத்திருப்பவருக்கு இந்தத் திருகு வேலை இல்லை. கலவையை அதுவே சரிசெய்துகொள்ளும்.

போர்ட்டிங்குக்கு வருவோம். சரியாகச் செய்தால் மூன்றிலும் அதிக வலு தருவது இதுதான், மறுக்கவில்லை. ஆனால் புகைத் துவாரத்தை உயர்த்தினால் வலு மேல் சுழற்சிக்கு நகரும். புதைந்த நீளத் தகட்டுக்கு வேண்டியதோ கீழ்ச் சுழற்சி இழுவை. சிலிண்டர் சுவரின் பூச்சு துவார விளிம்பில் பெயர்ந்தால் பிஸ்டன் ரிங் அதில் சிக்கும். சிலிண்டரின் அடிக் கேஸ்கெட்டை எடுத்து அழுத்தத்தைக் கூட்டுபவர்கள் பிஸ்டனுக்கும் தலைக்கும் இடையே அரை மில்லிமீற்றராவது விட வேண்டும், 92க்குப் பதில் 95 ஒக்டேன் பெற்றோல் ஊற்ற வேண்டும். குடைந்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால் பழகும் கைக்கு இது ஏற்றதல்ல.

இந்த மூன்றுக்கும் முன்னால் அரத்தை எடுங்கள். நிலாவெளிக் கரையோரப் பனையைப் பனஞ்சிலாகைக்காகப் பிளப்பவர்களுக்குத் தெரியும், பட்டையில் ஒட்டிய மணல் ஒரே அறுப்பில் பல்லை மழுக்கிவிடும். தடித்த சீவல் பறக்க வேண்டிய இடத்தில் மாத்தூள் கொட்டினால் குறை இயந்திரத்தில் இல்லை. எட்டில் மூன்று அங்குலச் சங்கிலிக்கு 5.2 மில்லிமீற்றர் வட்ட அரம். பல்லுக்கு முன்னாலுள்ள சிறு மேட்டை வெட்டு முனையைவிட 0.65 மில்லிமீற்றர் தாழ்வாக வைக்க வேண்டும்.

நாள் முழுதும் பலகை பிளப்பவர் போர்ட்டிங்குக்குக் கொடுக்கும் காசை எம்.எஸ். 880க்குச் சேர்ப்பதே என் கணக்கில் சரி. 121.6 சிசி, 6.4 கிலோவாட், தொழிற்சாலையே தரும் வலு. பாரம் கூடுதல்தான். கிடக்கும் மரத்தின் மேல் சட்டம் வைத்துத் தள்ளுகிறவருக்கு அது பொருட்டில்லை; நாள் முழுதும் தூக்கி நின்று கிளை தறிப்பவர் 660ஐ விட்டுப் போகத் தேவையில்லை.