தூரத்தை வகுத்துப் பயண நேரம் சொல்லும் தளங்கள்: கவனம்

ஒரு டிராவல் ஏஜென்ட்டின் இணையதளத்தில் வாங்கிய டிக்கெட்டை நம்பிப் போய், இடைவழி விமான நிலையத்தில் இரவு முழுக்கக் கிடந்தேன். மிச்சப் பயணத்துக்கு இன்னொரு டிக்கெட் எடுத்த செலவும் என் தலையில்தான்.

இரண்டு விமான நிலையங்களைக் கொடுத்தால் அந்தத் தளம் தூரத்தையும் நேரத்தையும் பெரிய எழுத்தில் காட்டும். அந்த நேரம் விமான அட்டவணையிலிருந்து எடுத்ததல்ல. உருண்டையான பூமியின் மேல் இரு ஊர்களுக்கும் உள்ள மிகக் குறைந்த தூரத்தை மணிக்கு 850 கிலோமீட்டர் போன்ற ஒரு வேகத்தால் வகுத்தது, அவ்வளவுதான். லண்டன்–நியூயார்க் தூரம் சுமார் 5,540 கிலோமீட்டர். வகுத்தால் ஆறரை மணி நேரம் வரும். ஆனால் அட்டவணையைப் பார்த்தால் போக ஏறக்குறைய எட்டு மணி நேரம், வர ஏழு. மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று ஒரு பக்கம் தள்ளிவிடும், மறுபக்கம் தடுக்கும். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, இறங்க இடம் கிடைக்காமல் வட்டமடிப்பது எதுவும் இந்த வகுத்தலில் வராது.

சரி, வெறும் கணக்குப் பிழை என்றால் விட்டிருப்பேன். இந்த நேரத்தை வைத்துத்தான் எனக்கு இரண்டு விமானங்களைக் கோத்து விற்றார்கள். கொடுத்த தாளில் புறப்படும் நேரமும் 'பறக்கும் நேரமும்' மட்டுமே இருந்தன. இறங்கும் நேரத்தைக் கேட்டதற்கு, "இரண்டு மணி நேரம் இடைவெளி இருக்கு சார், தாராளம்" என்றார்கள். உண்மையில் ஒரு மணி நேரம்கூடத் தேறவில்லை.

செக்-இன் கவுன்டரில்தான் குட்டு உடைந்தது. பெட்டியில் ஒட்டிய சீட்டில் இடைவழி ஊரின் மூன்றெழுத்துக் குறியீடு மட்டும் இருந்தது. "இரண்டும் வேற வேற பிஎன்ஆர் (முன்பதிவு எண்) சார், பெட்டியை அங்கே எடுத்து மறுபடி போடணும்" என்றார் ஊழியர். குடியேற்ற வரிசை, பெட்டி, சுங்கம் எல்லாம் முடித்து ஓடினால் அடுத்த விமானத்தின் கவுன்டர் மூடியிருந்தது. வெளிநாட்டு விமானங்களுக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். ஒரே டிக்கெட்டாக இருந்து முதல் விமானத்தால் தாமதம் ஆகியிருந்தால், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்பதால் என்னை 'நோ ஷோ', அதாவது வராத பயணி என்று எழுதிவிட்டார்கள்.

ஏஜென்ட்டை அழைத்தால், "விமானம் நாங்க சொன்ன நேரம்தானே சார் வானத்தில் பறந்தது?" என்கிறார். இதற்கு என்ன பதில் சொல்ல!

பணம் கட்டும் முன் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: முழுப் பயணத்துக்கும் ஒரே பிஎன்ஆரா, பெட்டி கடைசி ஊர் வரை போகுமா, ஒவ்வொரு விமானமும் அந்தந்த ஊர் நேரப்படி எத்தனை மணிக்கு இறங்கும். அப்புறம் விமான எண்ணை வைத்து அந்த நிறுவனத்தின் தளத்திலேயே நேரத்தைச் சரிபாருங்கள். விமான எண்ணையே தர மறுத்தால் அங்கே வாங்காதீர்கள்.