பென்டிரைவில் ஃபோல்டர் காணோம்: அட்ரிப்பா, போட்டோரெக்கா?

முதலில் பென்டிரைவை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். உள்ளே ஒன்றுமே தெரியவில்லை, ஆனால் 6 ஜிபி நிரம்பியிருக்கிறதா? அப்படியானால் கோப்புகள் பெரும்பாலும் பத்திரமாகத்தான் இருக்கும். வைரஸ் அவற்றுக்கு 'ஹிடன்', 'சிஸ்டம்' முத்திரை குத்தி மறைத்து, அதே பெயரில் ஷார்ட்கட்டை வைத்துவிடும். ஷார்ட்கட்டைத் திறக்கவே வேண்டாம். ஆன்டிவைரஸ் ஓடவிட்டு, விண்டோஸிலேயே உள்ள அட்ரிப் (attrib) கட்டளையைக் கொடுத்தால் முத்திரை நீங்கி, பெயரும் ஃபோல்டரும் அப்படியே திரும்பும். என் ஓட்டு எப்போதும் முதலில் இதற்குத்தான்.

இடமும் காலி என்று காட்டினால், அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருளான போட்டோரெக் (PhotoRec). இலவசம்; சரி, ஆனால் பழைய பெயர்கள் பெரும்பாலும் வராது. அக்கா கல்யாணப் படத்தை ஒவ்வொன்றாகத் திறந்துதான் தேட வேண்டும். மீட்பதை வேறு டிரைவில் சேமியுங்கள். அதே பென்டிரைவில் எழுதினால் மிச்சமும் அழியும்.