வசனம் அச்சுறுத்தலாகும் விதம்: ஜோன்ஸ்டவுன் ஆவணத்தளம் பற்றி ஒரு மதிப்புரை

கிறிஸ்தவ வேதத்தைக் கையில் ஏந்தி மனிதரை அச்சத்தால் கட்டிப்போடும் இயக்கங்களைக் கண்டிப்பவர்கள் பலர் உண்டு. அந்த அச்சம் எந்த வசனத்தைக் கொண்டு, எத்தகைய பேச்சின் வழியாக ஊட்டப்படுகிறது என்பதை மூல ஆதாரங்களோடு நம் முன் வைப்பவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலருள் முதலிடம் பெறத் தக்கது, அமெரிக்காவின் சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகம் இணையத்தில் கட்டணமின்றி வழங்கிவரும் ‘ஆல்டர்னேட்டிவ் கன்சிடரேஷன்ஸ் ஆஃப் ஜோன்ஸ்டவுன் அண்ட் பீப்பிள்ஸ் டெம்பிள்’ என்னும் ஆவணத்தளம். 1978 நவம்பர் 18 அன்று தென் அமெரிக்காவின் கயானாவில் 918 பேர், அவர்களில் பெரும்பாலோர் ஜோன்ஸ்டவுன் என்ற இயக்கக் குடியிருப்பில் விஷத்தால், மாண்டதற்குக் காரணமான ஜிம் ஜோன்ஸின் பீப்பிள்ஸ் டெம்பிள் இயக்கத்தைப் பற்றிய ஒலிநாடாக்கள், கடிதங்கள், அரசு ஆவணங்கள், உயிர் தப்பியவர்களின் கட்டுரைகள் ஆகிய அனைத்தும் அங்கே திரட்டப்பட்டிருக்கின்றன.

1998இல் இதைத் தொடங்கியவர்கள் சமயவியல் பேராசிரியர் ரெபெக்கா மூரும் அவருடைய கணவர் ஃபீல்டிங் மெக்கீயும் ஆவர். மெதடிஸ்ட் போதகர் ஒருவரின் மகளான மூர், தம் சகோதரிகள் இருவரையும் அக்காள் மகனான சிறுவனையும் ஜோன்ஸ்டவுனில் இழந்தவர். இறந்தவர்களை மூளை கெட்ட கூட்டம் என்று ஒரு சொல்லில் தள்ளிவிடாமல், ஒவ்வொருவரையும் பெயரோடும் முடிந்தவரை புகைப்படத்தோடும் நினைவுகூரும் அந்தப் பட்டியலில், ஆய்வாளரின் ஒழுங்கையும் குடும்பத்தாரின் துயரத்தையும் ஒருங்கே காணலாம்.

தளத்தின் உயிர்நாடி அதன் ஒலிநாடாத் தொகுப்பு. ஜோன்ஸ்டவுனில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. கைப்பற்றிய ஏறத்தாழ ஆயிரம் நாடாக்கள் எண்ணிடப்பட்டு, பலவற்றுக்கு எழுத்து வடிவமும் மற்றவற்றுக்குச் சுருக்கமும் தரப்பட்டுள்ளன. அவற்றுள் கியூ 042 என்று எண்ணிடப்பட்டிருப்பது, கடைசி நாளில் மக்களைச் சாகும்படி ஜோன்ஸ் தூண்டிய கூட்டத்தின் பதிவு. வேதம் அறிந்த எவரும் அதன் எழுத்து வடிவத்தை ஒரு முறையேனும் படித்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் அந்தக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே ஜோன்ஸ், தீர்க்கதரிசிகளில் மிகப் பெரியவர் சொன்னது என்று கூறி, யோவான் 10:18இன் முற்பகுதியை எடுத்து வைக்கிறார்: தன் உயிரை ஒருவரும் தன்னிடமிருந்து எடுத்துக்கொள்வதில்லை, தானே அதைக் கொடுப்பதாகச் சொல்லும் வசனம் அது. கூட்டம் ஆமோதிக்கிறது. வேதாகமத்தைத் திறந்து அந்த அதிகாரத்தை முழுவதும் வாசித்தால் நடந்த அநியாயம் புலப்படும். அங்கே ஆடுகளுக்காகத் தன் ஜீவனைக் கொடுப்பவன் மேய்ப்பன். ஆடுகள் மேய்ப்பனுக்காகச் சாக வேண்டும் என்று அந்த அதிகாரத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. அந்த வசனத்தின் பிற்பகுதியோ, கொடுத்த ஜீவனை மறுபடியும் எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தைப் பேசுகிறது. ஜோன்ஸ் அந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்.

இதே கூட்டத்தில் பவுலும் இழுத்து வரப்படுகிறார். 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரத்தில் தம்மை அகாலப்பிறவி என்று பவுல் தாழ்த்திச் சொல்லும் சொற்களை எடுத்து, நாம் எல்லோருமே காலம் தப்பிப் பிறந்தவர்கள், ஆகவே இவ்வுலகை விட்டுப் போவதே நாம் அளிக்கக்கூடிய சிறந்த சாட்சி என்று ஜோன்ஸ் முடிவு கட்டுகிறார். அடுத்த இரண்டே வசனங்களில், கிருபையினால் தாம் இருப்பதையும் மற்ற எல்லாரையும்விட அதிகமாய்ப் பிரயாசப்பட்டதையும் பவுல் சொல்லுகிறார் என்பதை அங்கிருந்த முதிய விசுவாசிகளில் சிலராவது அறிந்திருப்பார்கள். அவர்களில் பலர் பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளில் வளர்ந்த கறுப்பினப் பெண்கள். அறிந்தும் பேச முடியாத நிலை எப்படி வந்தது என்ற கேள்விக்கு விடை, மற்ற ஆவணங்களில் இருக்கிறது.

‘எழுத்து கொல்லுகிறது’ என்ற 2 கொரிந்தியர் 3:6ஐத் தலைப்பாக வைத்து ஜோன்ஸ் எழுதிய சிறு நூலும் தளத்தில் வாசிக்கக் கிடைக்கிறது. வேதாகமத்தின் முரண்பாடுகள் என்று தாம் கருதியவற்றை அதில் அடுக்கி, எழுதப்பட்ட வசனத்தின் மேல் மக்களுக்கு இருந்த பிடியை அவர் தளர்த்துகிறார். அந்த இடத்தில் தம் சொல்லை நிலைநிறுத்துகிறார். பிற்காலப் பிரசங்கங்களில் தம்மையே கடவுளாகப் பேசியவருக்கு, அதன் பின்பும் வசனம் தேவைப்பட்டது. அப்போஸ்தலர் நடபடிகள் 2ஆம் அதிகாரத்தின் பொதுவுடைமையைக் காட்டி வீடும் சம்பளமும் ஓய்வூதியமும் பெறப்பட்டன. அதே நூலின் 5ஆம் அதிகாரத்தில், நிலத்தை விற்ற பணம்கூட உன் வசத்தில்தானே இருந்தது என்று பேதுரு அனனியாவிடம் கேட்பதை நினைத்தால், கொடுப்பது மனமுவந்த செயலாகவே இருந்தது விளங்கும். சொத்தை இழந்தவர்களுக்கு அணுப்போர் வரும், கறுப்பினத்தாரை அடைக்க முகாம்கள் வரும், தம் பாதுகாப்பை விட்டு விலகுபவர்களுக்குக் கேடு வரும் என்ற எச்சரிக்கைகளும் இடைவிடாமல் சொல்லப்பட்டன.

தப்பி வந்த உறுப்பினர் ஒருவர் 1978 ஜூனில் அளித்த சத்தியப்பிரமாண வாக்குமூலம், கடவுச்சீட்டுகள் பறிக்கப்பட்டதையும், விஷம் என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட பானத்தை மக்கள் வரிசையில் நின்று குடித்த ஒத்திகையையும் விவரிக்கிறது. கடைசி நாளில் கிறிஸ்டின் மில்லர் என்ற பெண் ஒருவர் மட்டும் எழுந்து, இந்தக் குழந்தைகள் வாழத் தகுதியுள்ளவர்கள் என்று வாதிடுகிறார். அவர்களுக்கு அதைவிட மேலான சமாதானம் உரியது என்று ஜோன்ஸ் பதில் சொல்ல, அருகிலிருந்த சக உறுப்பினர்களே மில்லரை அதட்டி அடக்குகிறார்கள். பல ஆண்டுகள் ஊட்டப்பட்ட அச்சம், தலைவர் அதட்டாமலே தன் வேலையைச் செய்ததை நான் வேறெந்த ஆவணத்திலும் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். தளத்தின் அமைப்பு புதியவர்களைத் திணறடிக்கிறது. முதன்மை ஆவணங்களும் நினைவுக் கட்டுரைகளும் ஆய்வுக் கட்டுரைகளும் பல வாயில்களின் கீழ் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. எந்தப் பிரசங்கத்தில் எந்த வசனம் எடுக்கப்பட்டது என்று காட்டும் அட்டவணை ஒன்று இருந்திருந்தால், வேதபாடம் நடத்துவோருக்கு அது பேருதவியாக இருந்திருக்கும். எவரையும் முன்கூட்டித் தீர்ப்பிடக் கூடாது என்ற தளத்தின் கொள்கையை மதிக்கிறேன். ஆயினும் ஜோன்ஸின் வேத விளக்கத்தை எதிர்த்து நேரடியாக வாதிடும் எழுத்துக்கு அங்கே போதிய இடம் தரப்படவில்லை என்றே கருதுகிறேன். 1993இல் அமெரிக்காவின் வேக்கோவில் ஒரு சமயக் குழுவினர் முற்றுகையில் மாண்டதையோ 2023இல் கென்யாவின் ஷகஹோலாவில் வெளிவந்த பட்டினிச் சாவுகளையோ ஆராய விரும்புவோர் வேறிடம் செல்ல வேண்டும்.

ஆங்கிலம் வாசிக்கக்கூடிய போதகர்களுக்கும், இறையியல் மாணவர்களுக்கும், இத்தகைய குழு ஒன்றில் உறவினரைப் பறிகொடுத்து நிற்கும் குடும்பத்தாருக்கும் இந்தத் தளத்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். வாக்குமூலத்தை முதலிலும், சிறு நூலை அடுத்தும், கியூ 042இன் எழுத்து வடிவத்தை இறுதியிலும், பக்கத்தில் வேதாகமத்தைத் திறந்துவைத்துக்கொண்டு வாசிப்பது நல்லது. குழந்தைகளின் அழுகுரல் பதிவாகியிருக்கும் அந்த ஒலிநாடாவைக் கேட்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. இளையோர் குழுக்களில் அதை ஒலிக்கவிடவே கூடாது.