கடைசி ஐந்து ரவுண்டு: ஆறு சீசன் ட்ராஃப்ட் செய்து பார்த்த அனுபவம்

2024 செப்டம்பர் 9, திங்கட்கிழமை மாலை. அமெரிக்கன் ஃபுட்பாலில் நியூயார்க் ஜெட்ஸுடன் ஃபார்ட்டி நைனர்ஸ் அணி ஆடும் ஆட்டம். தொடங்குவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால், கிறிஸ்டியன் மெக்காஃப்ரி ஆடமாட்டார் என்று செய்தி வந்தது. நிஜ வீரர்களை நமக்குள் பிரித்து எடுத்து, அவர்கள் களத்தில் ஆடுவதற்கேற்பப் புள்ளி சேர்க்கும் விளையாட்டுதான் ஃபேண்டஸி லீக். அந்த வருடம் பெரும்பாலான லீக்குகளில் முதல் ஆளாகப் போனவர் அவர்தான். அவர் இடத்தில் இறங்கிய ஜோர்டன் மேசன் 28 முறை பந்தை வாங்கி 147 யார்டு ஓடினார், ஒரு டச் டவுனும் அடித்தார். ஓட்டத்துக்கு மட்டும் கணக்குப் போட்டாலே 20.7 புள்ளி. எங்கள் ட்ராஃப்டில், அதாவது சீசனுக்கு முன்னால் முறைவைத்து வீரர்களை எடுக்கும்போது, மேசனை நான் 14-வது ரவுண்டில் எடுத்து வைத்திருந்தேன்.

எங்கள் லீக்கில் மெக்காஃப்ரியை எடுத்தவர் மதுரைக்காரர், எனக்கு மூத்தவர். ஆட்டம் முடிவதற்குள் போன் வந்துவிட்டது. "தம்பி, மேசன் உன்கிட்டயா இருக்கான்? எனக்குக் குடுத்துடேன்ப்பா" என்றார். "யோசிச்சுச் சொல்றேண்ணே" என்றேன். கொடுக்கவில்லை. ட்ராஃப்டின் கடைசி ஐந்து ரவுண்டை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று நான் பல வருடமாகத் தேடிக்கொண்டிருந்த விடை அன்றைக்குத்தான் முழுதாகக் கையில் கிடைத்தது மாதிரி இருந்தது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். இது அமெரிக்கன் ஃபுட்பால், அதாவது என்எஃப்எல். ட்ரீம்11 ஆடிப் பழகியவர்களுக்கு ஒரு முக்கிய வித்தியாசம் சொல்ல வேண்டும். அங்கே ஒரே வீரரை எத்தனை பேர் வேண்டுமானாலும் எடுக்கலாம். இங்கே ஒரு வீரர் ஒருவருக்குத்தான். நாங்கள் 12 பேர், டாலஸ் பக்கம் ஒரே அலுவலகத்தில் ஆரம்பித்த லீக், 16 ரவுண்டு ஸ்நேக் ட்ராஃப்ட். முதல் ரவுண்டில் கடைசியாக எடுப்பவர் இரண்டாம் ரவுண்டில் முதலில் எடுப்பார். பத்து யார்டு ஓடினாலோ பிடித்தாலோ 1 புள்ளி, ஒவ்வொரு கேட்சுக்கும் 1 புள்ளி, டச் டவுனுக்கு 6. குவார்ட்டர்பேக் எறியும் 25 யார்டுக்கு 1, எறியும் டச் டவுனுக்கு 4. நான் 2019 முதல் 2024 வரை ஆறு சீசன் தொடர்ந்து ஆடியதை வைத்து எழுதுகிறேன்.

முதல் இரண்டு வருடம் நான் செய்ததை இன்றைக்கும் நிறையப் பேர் செய்வதைப் பார்க்கிறேன். 12-வது ரவுண்டு வரும்போது எல்லோருக்கும் களைப்பு வந்துவிடும். பீட்சா ஆறிப்போயிருக்கும். செயலியின் பட்டியலில் மேலே நிற்கும் தெரிந்த பெயரை அழுத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அப்படி நான் எடுத்தவர்கள் பெரும்பாலும் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த மூத்த வீரர்கள். வாரம் ஆறோ ஏழோ புள்ளி எடுப்பார்கள். அவர்களை ஆட வைக்கவும் மனசு வராது, விடவும் மனசு வராது. நவம்பர் வரை பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். அந்த இடங்கள் அடைபட்டுக் கிடந்ததால் வெய்வரில், அதாவது யாரிடமும் இல்லாத வீரர்களின் பட்டியலில், வந்த நல்ல ஆட்களை நான் எடுக்க முடியாமல் போனது. கடைசி ரவுண்டில் மோசமான ஆளை எடுத்தால்கூடப் பரவாயில்லை, இரண்டாம் வாரமே விட்டுவிடலாம். சுமாரான ஆளை எடுப்பதுதான் உண்மையான நஷ்டம் என்பது எனக்குப் புரியவே இரண்டு சீசன் ஆனது.

2020-ல் இன்னொரு பாடம். எங்கள் ட்ராஃப்ட் ஆகஸ்ட் நடுவிலேயே முடிந்துவிட்டது. ஆகஸ்ட் 31 அன்று ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் தங்கள் முக்கிய ரன்னிங் பேக் (பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவர்) லெனார்ட் ஃபோர்நெட்டை அணியிலிருந்து விடுவித்தது. அவர் இடத்துக்கு வந்தவர் ஜேம்ஸ் ராபின்சன், இல்லினாய் ஸ்டேட் பல்கலைக்கழகத்து இளைஞர். கல்லூரி வீரர்களை நிஜ அணிகள் எடுக்கும் என்எஃப்எல் ட்ராஃப்டில் எந்த அணியும் எடுக்காத ஆள். கோவிட் காரணமாக அந்த வருடம் ப்ரீசீசன் (சீசனுக்கு முந்தைய ஒத்திகை) ஆட்டங்கள் இல்லாததால் அவர் ஆடி யாரும் பார்க்கவும் இல்லை. அந்த சீசனில் அவர் 1,070 யார்டு ஓடினார். எங்களில் ஒருவருக்கும் அவர் பெயர் ட்ராஃப்ட் அன்று தெரியாது. அடுத்த வருடம் முதல் நாங்கள் ட்ராஃப்டை லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கள்) வார இறுதிக்கு மாற்றிக்கொண்டோம். கடைசி ரவுண்டுகளின் தரம் உயர்ந்ததற்கு இந்த ஒரு மாற்றம்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். ஆகஸ்ட் கடைசியில் ஒவ்வொரு அணியும் 53 பேராகக் குறைத்தாக வேண்டும். யாரை வைத்துக்கொண்டார்கள், எத்தனை ரன்னிங் பேக்கை வைத்துக்கொண்டார்கள் என்பதைப் பார்த்துவிட்டு எடுப்பதும் பார்க்காமல் எடுப்பதும் ஒன்றல்ல. உங்கள் லீக்கில் தேதி உங்கள் கையில் இருந்தால் முதலில் இதைச் செய்யுங்கள்.

இப்போது மேசன் விஷயத்துக்கு வருகிறேன். அவரை எடுக்க வைத்தது இரண்டு சின்னச் செய்திகள்தான். ஆகஸ்டில் மெக்காஃப்ரிக்குக் கெண்டைக்கால் சதையில் பிரச்சினை, பயிற்சிக்கு வரவில்லை. அப்புறம், மேசனுக்குப் போட்டியாக இருந்த எலைஜா மிட்செல் ஆகஸ்ட் கடைசியில் சீசன் முழுவதும் ஆட முடியாதபடி காயப் பட்டியலுக்குப் போனார். முன்னால் நிற்பவருக்கு ஏற்கெனவே உடம்பு சரியில்லை, பின்னால் வேறு யாரும் இல்லை, அணியோ ஓட்டத்தை நம்பி ஆடுகிற அணி. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்வது அபூர்வம்.

இப்படிப்பட்ட மாற்று ஓட்டக்காரரை ஹேண்ட்கஃப் என்பார்கள். மெக்காஃப்ரி வைத்திருப்பவர்தான் மேசனையும் எடுக்க வேண்டும் என்பது பலரின் நினைப்பு. ஆறு வருடம் பார்த்த பிறகு நான் இதை மாற்றிச் சொல்வேன். மெக்காஃப்ரி உங்கள் அணியில் இருக்கும்போது காயப்பட்டால் மேசன் உங்கள் நஷ்டத்தைக் குறைப்பார். மெக்காஃப்ரி வேறொருவரிடம் இருந்தால் அவர் அணி பலவீனமாகும்போதே உங்கள் அணி பலமாகும். என் பெஞ்சில் இருக்கும் ஹேண்ட்கஃப் பெரும்பாலும் அடுத்தவர் வீட்டுப் பிள்ளைக்கு மாற்றுதான். மெக்காஃப்ரி நவம்பரில்தான் திரும்பி வந்தார். அதுவரைக்கும் மேசன் எனக்கு உழைத்தார்.

வைட் ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) விஷயத்தில் எனக்குக் கிடைத்த நல்ல அனுபவம் ட்ராஃப்டில் நடந்ததில்லை, அதற்கு அடுத்த வாரம் நடந்தது. 2023 முதல் வாரம், சியாட்டிலில் ராம்ஸ் ஆடிய ஆட்டம். கூப்பர் கப் தொடைத்தசைக் காயத்தால் முதல் நான்கு ஆட்டத்துக்கு இல்லை. பூக்கா நகூவா என்ற புது ரிசீவர், என்எஃப்எல் ட்ராஃப்டில் 177-வது ஆளாகப் போனவர், 10 கேட்ச், 119 யார்டு. அதே ஆட்டத்தில் ராம்ஸின் முதல் ரன்னிங் பேக் கேம் ஏக்கர்ஸ் 22 முறை ஓடி 29 யார்டு எடுத்தார். கைரன் வில்லியம்ஸ் 15 முறை ஓடி 52 யார்டும் இரண்டு டச் டவுனும். எங்கள் லீக்கில் நகூவாவையும் வில்லியம்ஸையும் யாரும் எடுத்திருக்கவில்லை.

வெய்வரில் யாரைக் கேட்பது என்று செவ்வாய்க்கிழமை இரவு முடிவு செய்ய வேண்டும். நான் 15-வது ரவுண்டில் எடுத்திருந்த இளம் ரிசீவர் ஒருவரை, ஒரே ஒரு ஆட்டம் முடிந்த நிலையில், விட்டுவிட்டு நகூவாவைக் கேட்டேன். அந்த இளைஞரைப் பற்றி ஆகஸ்ட் முழுக்க நல்ல நல்ல செய்தியாகப் படித்திருந்தேன், அவரை விட மனம் கொஞ்சம் கஷ்டப்பட்டது. அடுத்த ஞாயிறு ஃபார்ட்டி நைனர்ஸுக்கு எதிராக நகூவா 15 கேட்ச், 147 யார்டு. கணக்குப் போட்டால் 29.7 புள்ளி. சீசன் முடிவில் 105 கேட்ச், 1,486 யார்டு, அறிமுக வீரர் ஒருவர் அதுவரை எடுத்திராத எண்கள். வில்லியம்ஸை எடுத்த நண்பருக்கும் நல்ல அறுவடை. 12 ஆட்டத்தில் 1,144 யார்டு ஓடினார் அவர். ஏக்கர்ஸ் அந்த மாதமே மினசோட்டாவுக்கு அனுப்பப்பட்டுவிட்டார்.

அதனால்தான் சொல்கிறேன், கடைசி ரவுண்டில் எடுக்கும்போதே "இவரை எப்போது விடுவேன்" என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். நான் ஒரு தாளில் பெயருக்குப் பக்கத்தில் எழுதி வைக்கிறேன். "முதல் இரண்டு வாரத்தில் பாதிக்கு மேல் ஸ்னாப் ஆடாவிட்டால் வெளியே." "முன்னால் இருப்பவர் நான்காம் வாரம் வரை நன்றாக ஓடினால் வெளியே." புள்ளியைப் பார்த்து முடிவு செய்வதில்லை. ஸ்னாப், அதாவது எத்தனை முறை களத்தில் நின்றார் என்பதும், எத்தனை முறை பந்து அவரை நோக்கி வந்தது என்பதும்தான் முதலில் மாறும். புள்ளி பின்னால்தான் வரும்.

இந்த முறைக்கு ஒரு குறை இருக்கிறது. அவசரம். 2024-ல் டாம்பா பே புக்கனீர்ஸின் பக்கி இர்விங்கை 12-வது ரவுண்டில் எடுத்தேன். ரஷாட் வைட்டுடன் பந்தைப் பகிர்ந்துகொண்டுதான் ஆடினார். செப்டம்பர் கடைசியில் விட்டுவிட்டேன். அவர் 1,122 யார்டு ஓடி, 8 டச் டவுன் அடித்துச் சீசனை முடித்தார். என் தாளில் எழுதியிருந்தபடிதான் செய்தேன், ஆனால் எழுதியிருந்ததே தவறு. ஓட்டத்துக்கு ஐந்து யார்டுக்கு மேல் எடுக்கும் இளைஞர், தன்னைவிடக் குறைவாக எடுப்பவருடன் பந்தைப் பகிர்ந்துகொண்டால், பயிற்சியாளர் என்றைக்காவது பங்கை மாற்றுவார். அதற்குக் காத்திருக்க வேண்டும். 2021-ல் டெட்ராய்ட் லயன்ஸின் ஆமன்-ரா செயின்ட் பிரவுனும் இப்படித்தான். கடைசி ஆறு ஆட்டத்தில் ஒவ்வொன்றிலும் எட்டுக்குக் குறையாமல் கேட்ச் எடுத்தார், ஆனால் அதற்குள் பலர் அவரை விட்டிருந்தார்கள். இப்போது என் தாளில் "வளர்கிறதா, தேங்குகிறதா" என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். வளர்கிற வீரரை அக்டோபர் முடியும்வரை தொடுவதில்லை.

குவார்ட்டர்பேக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 12 பேர் லீக்கில் வாரம் 12 குவார்ட்டர்பேக்தான் தேவை, ஆனால் என்எஃப்எல்லில் 32 அணி இருக்கிறது. அதனால் கடைசி வரை நல்லவர்கள் மிஞ்சுவார்கள். காலால் ஓடுகிறவராகப் பாருங்கள். 2019-ல் லமார் ஜாக்சன் எங்கள் லீக்கில் வெகு தாமதமாகத்தான் போனார். அந்த வருடம் அவர் ஓடியது 1,206 யார்டு. அதன் புள்ளி மதிப்பு 3,000 யார்டு எறிவதற்குச் சமம். அதற்கு மேல் 36 டச் டவுன் எறிந்தார். 2024-ல் பேக்கர் மேஃபீல்ட் 4,500 யார்டு, 41 டச் டவுன் எறிந்ததும் தாமதமாகக் கிடைத்த சரக்குதான். டைட் எண்டில் (எதிரணியைத் தடுப்பதும் பந்தைப் பிடிப்பதுமாக இரண்டும் செய்பவர்) 2023-ன் சாம் லபோர்ட்டாவைத் தவிர எனக்கு இந்த வழியில் பெரிதாக எதுவும் அமையவில்லை.

பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கும் கிக்கரைக் கடைசி ரவுண்டுக்கு முன்னால் எடுக்காதீர்கள். செயலி அனுமதித்தால் ட்ராஃப்ட் அன்று எடுக்கவே வேண்டாம். அந்த இடத்தில் இன்னொரு ரன்னிங் பேக்கை எடுத்து வைத்து, முதல் ஆட்டம் வரை காயச் செய்தி ஏதும் வருகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு அவரை விட்டுக் கிக்கரை எடுக்கலாம். நான் 2022 முதல் இப்படித்தான் செய்கிறேன். இங்கே ஒரு ஆசை விஷயம் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் கவ்பாய்ஸின் பிராண்டன் ஆப்ரி முன்பு சாக்கர் ஆடியவர், அதை விட்ட பிறகு மென்பொருள் பொறியாளராக வேலை பார்த்தவர். 2023-ல் என்எஃப்எல்லுக்கு வந்து, தன் முதல் 35 ஃபீல்டு கோலையும் ஒன்றுகூடத் தவறாமல் அடித்தார். நாள் முழுக்கக் கோட் எழுதுகிற எங்கள் லீக்கில் அவர்மேல் எல்லோருக்கும் தனிப் பிரியம். இப்போது அவரை யாராவது சீக்கிரமே தூக்கிவிடுகிறார்கள், தவறு என்று தெரிந்தும் எனக்கு அது புரிகிறது.

ப்ரீசீசன் ஆட்டத்தில் ஒருவர் நீளமாக ஓடிய காட்சியைப் பார்த்து மயங்கி எடுத்தது எனக்கு ஒரு தடவைகூடப் பலன் தரவில்லை. அங்கே அவரைத் தடுக்க நின்றவர்களில் பலர் அடுத்த வாரம் அணியிலேயே இருக்கமாட்டார்கள். அதற்குப் பதில், எந்த இளைஞரை முதல் அணியினரோடு சேர்த்து உட்கார வைத்து ஆடவிடாமல் பாதுகாக்கிறார்கள் என்று பாருங்கள். பயிற்சியாளர் வாய்விட்டுச் சொல்லாததை அது சொல்லிவிடும்.

இந்த முறை எல்லா லீக்குக்கும் பொருந்தாது. எட்டுப் பேர், பத்துப் பேர் லீக்கில் பெஞ்ச் நான்கு இடம்தான் என்றால் வெய்வரிலேயே நல்ல ஆட்கள் நிறைந்திருப்பார்கள். அங்கே ஹேண்ட்கஃபைச் சேர்த்து வைப்பது வீண். 12 பேரோ அதற்கு மேலோ ஆடுகிற, பெஞ்சில் ஆறு இடமாவது இருக்கிற லீக்கில் தாராளமாகச் செய்து பாருங்கள். முன்னால் நிற்பவர் சந்தேகத்துக்குரியவராக இருக்கும் இரண்டு ரன்னிங் பேக், ரிசீவர் குறைவாக உள்ள அணியில் ஒரு புதுமுகம், ஓடத் தெரிந்த ஒரு குவார்ட்டர்பேக் என்று நான்கு பெயர். கிக்கர் இடத்தையும் கணக்கில் சேர்த்தால் ஐந்து ரவுண்டும் முடிந்தது. மதுரை அண்ணனும் இப்போது தாள் எழுத ஆரம்பித்துவிட்டார். போன ட்ராஃப்டில் நான் குறித்து வைத்திருந்த இரண்டு பேரை எனக்கு முன்னால் அவர் எடுத்துவிட்டார்.